உறைபனி படியாத மூலை

மலையூர் ஒன்றில் ஒரு வீட்டின் ஜன்னலுக்கு உள்ளே ஒரு வெப்பமானியும் வெளியே ஒரு வெப்பமானியும் தொங்கின. இரண்டும் ஒன்றோடொன்று பேசியதே இல்லை.

அந்த மார்கழியில் கணப்பு அடுப்பு எவ்வளவு விறகை விழுங்கினாலும், விடியும்போது கைக்குழந்தை குளிரில் நடுங்கியது. "இந்த அடுப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதான்" என்றாள் வீட்டுக்காரி ரெஜினா.

"நான் முழு மூச்சாகத்தானே எரிகிறேன்!" என்று அடுப்பு அழுதது.

உள்ளே இருந்த வெப்பமானிக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியைத் தட்டி வெளியே இருந்ததைக் கூப்பிட்டது. "அண்ணே, அடுப்பு எரிந்தால் நான் நன்றாகத்தான் ஏறுகிறேன். அணைந்ததும் மளமளவென்று உங்கள் அளவுக்கே இறங்கிவிடுகிறேன். ஏன்?"

"அப்படியானால் சூடு என் பக்கம் ஓடிவருகிறது, தம்பி. கூரை முழுக்க உறைபனி. கிழக்கு மூலையில் மட்டும் படியவே இல்லை."

உடனே உள் வெப்பமானி அந்த வீட்டுப் பூனையிடம், "அக்கா, கூரையின் கிழக்கு மூலை கதகதப்பாக இருக்கிறதாம்" என்றது. பூனை வெளியே ஓடி, ஒரே தாவலில் கூரையேறி அங்கே போய்ச் சுருண்டுகொண்டது.

பூனையைத் தேடி ஏணியில் ஏறிய ரெஜினாவின் கையில், கூரையின் ஓர் இடுக்கிலிருந்து வந்த இளஞ்சூடான காற்று பட்டது. அன்றே அந்த இடுக்கை வைக்கோலும் கம்பளியும் திணித்து அடைத்தாள்.

மறுநாள் காலை குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கியது. அடுப்பு அணைந்தும் உள் வெப்பமானி அவ்வளவாக இறங்கவில்லை.

"அங்கே எப்படி, அண்ணே?"

"நேற்றைவிடக் குளிர்கிறது, தம்பி!" என்று சந்தோஷமாகக் கத்தியது வெளி வெப்பமானி.