நான்காவது சம்பவம்

“அது நடக்கவே இல்லைங்க,” என்றார் உளவியல் ஆய்வாளர். நல்ல சேதி சொல்ல வந்தவரின் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் துறையில் விதியாம். முதலில் காதில் பூ சுற்றுவார்கள். பிறகு பூவை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். அதற்கு நெறிமுறை என்று பெயர் வேறு வைத்திருந்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அவர் நிதானமாக விளக்கினார்.

சிறுவயது நினைவுகளைப் பற்றிய ஆய்வு என்று சொல்லி அவளை வரவழைத்திருந்தார்கள். உன் வாழ்வில் நடந்தவை என்று நான்கு சம்பவங்களைச் சொன்னார்கள். வாரம் தவறாமல் கேமரா முன் உட்கார வைத்து, இன்னும் யோசியுங்கள், இன்னும் யோசியுங்கள் என்று நச்சரித்தார்கள். மூன்று சம்பவங்கள் அவளுடைய அம்மாவிடம் கேட்டு வாங்கியவை. ஐந்து வயதில் ரயில் நிலையக் கூட்டத்தில் தொலைந்துபோனாள் என்ற நான்காவது மட்டும் இந்த அறையில் கட்டியது. வந்த எல்லோருக்கும் அதே கதைதான். ஆளுக்கொன்று யோசிக்கக்கூட இவர்களுக்கு உடம்பு வணங்கவில்லை.

“அப்படி எதுவும் நடக்கலைன்னு உங்க அம்மாகிட்டயே கேட்டு உறுதி பண்ணிக்கிட்டோம்,” என்றார்.

மற்றவர்கள் ஏதோ மங்கலாக ஞாபகம் வருகிறது என்று இழுத்தார்களாம். இவள்தான் கொட்டித் தீர்த்துவிட்டாளாம். பச்சை பெஞ்சு. கையில் பிசுபிசுத்த ஆரஞ்சு மிட்டாய். பெருக்குவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தில் கை நழுவவில்லை, அம்மாதான் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள் என்றாளே, அந்த இடம்.

அந்த இடத்தைச் சொல்லும்போது அவருக்குப் புல்லரித்தது. அடுத்த மாதம் கருத்தரங்கில் அந்த வீடியோவைத்தான் போட்டுக்காட்டப் போகிறாராம்.

அதில் அவள் தேம்பித் தேம்பி அழுதிருந்தாள். அன்று டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, வேறென்ன தெரிகிறது என்று கேட்டவர் இவர்தான்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். அலறும் குழந்தையிடம்கூட, லேசாக வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியைக் குத்துவாள். இந்த மனிதர் ஆழமாகக் குத்திவிட்டு, ஊசியே இல்லை என்கிறார்.

மூன்று வாரமாக அவள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை எதிரே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். நேற்று சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிக்க வந்த அம்மாவை நடுத்தெருவில் உதறினாள். அம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பாவம், அம்மாவுக்கு என்ன தெரியும் என்று இப்போதுதான் உறைத்தது.

“இந்த மூணு வாரத்தை நான் என்ன பண்றது சார்?”

அந்த மாதிரி உணர்ச்சிகள் தானாகவே வடிந்துவிடும் என்று முந்தைய ஆய்வுகள் காட்டுவதாகச் சொன்னார் அவர். சொல்லிவிட்டு, அடுத்து வரப்போகிறவருக்காக நாற்காலியை நேராக்கினார்.

ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது. இந்த ஆளுக்காக ஒரு கை வலியை வாங்கிக்கொள்வதும் தண்டம் என்று எழுந்தாள்.

வராந்தாவில் அம்மா காத்திருந்தாள். நன்றி சொல்ல வேண்டும் என்று அவளையும் இன்று வரச் சொல்லியிருந்தார்கள். மடியில் பையை வைத்து, அதன் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்திருப்பதா வேண்டாமா என்று தயங்கினாள்.

அவள் அம்மாவின் காலடியில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. மூன்று வாரம் கழித்து அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடும்மா. எல்லாம் இவங்க கட்டுன கதையாம். நீ என்னை ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போனேன்னு நானா நெனச்சுக்கிட்டேன்.”

அம்மா மகளின் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஆய்வாளர் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கி ஓடி வந்துட்டேன்ல?” என்றாள் அம்மா.