பியூலாவின் குடுவை

ஓய்வு பெறும் ஆவுடையக்கா, பேராசிரியர் கோமதிநாயகம், பத்து வருடம் முன்பு படிப்பை விட்டுப்போன பியூலா. ஆய்வகத்தில் வழியனுப்பு டீக்கு இருந்தவர்கள் அவ்வளவுதான்.

மெக்னீசியத்தை உள்ளே இழுக்கும் நொதியை நீக்கிய பாக்டீரியா, மெக்னீசியம் அருகிய கரைசலில் வளரக்கூடாது. அவள் படித்த காலத்தில் பியூலாவின் குடுவையில் மட்டும் வளர்ந்தது. புளுகுகிறாள் என்றார் பேராசிரியர்; அதோடு படிப்பை விட்டாள். அன்று காலை குடுவை பால்போலக் கலங்கி நின்ற அழகை அவள் இன்னும் மறக்கவில்லை.

குடுவை கழுவியே நரைத்த ஆவுடையக்கா பஜ்ஜியைப் பிட்டாள். "அப்பல்லாம் ஒன் குடுவைய மட்டும் நம்ம போர் தண்ணியில இன்னொருக்கா அலசுவேம்மா. பளிச்சுனு இருக்கும்லா."

அந்தத் தண்ணீரில் மெக்னீசியம் மண்டிக் கிடக்கும். பேராசிரியர் டீயைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, தப்பா?"

"நல்லா வளந்துச்சுக்கா."

பியூலா அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். பின்னால் பேராசிரியர் கதவைச் சாத்த, உள்ளே தாழ் விழுந்தது.