ஒட்டும் பதம்

கணவனின் ஷேவிங் நுரையில் பாதி டப்பாவைச் சட்டிக்குள் பீய்ச்சிவிட்டு, தேவகிருபை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். யாரும் வரவில்லை. வெள்ளைப் பசையை ஊற்றி, கேக்குக்குப் போடும் நீலக் கலரை அளவு பார்க்காமல் கவிழ்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

ஸ்டெபின் பாதி மழித்த தாடையோடு வந்து நின்றான்.

"ஏட்டி, என் நுரைய என்ன பண்ணுத?"

"ஸ்லைம் பிசையுதேன். உங்க தங்கச்சி மக ஷெரினுக்குப் பெறந்தநாள் பரிசு."

"ஜெமி வீட்டுப் படிய இனி மிதிக்க மாட்டேன்னியே?"

"மனசு மாறிட்டு."

ஸ்டெபின் நம்பிவிட்டான். நல்ல மனுஷன், எதையும் நம்பிவிடுவான்.

"காலைல ஜெமி போன் பண்ணுனா. நம்ம புது வீட்டுத் தலைவாசல் எத்தனை அடி அகலம்னு கேட்டா. மூணரைன்னேன்."

"அம்புட்டுத்தானான்னு சிரிச்சிருப்பாளே."

செட்டியார்பட்டியில் அவர்கள் கடனை உடனை வாங்கிக் கட்டியிருந்தது ரெண்டே அறை. வருகிற புதன்கிழமை பிரதிஷ்டை ஜெபம், குடிபோகும் நாள். அதற்குள் வாசலை அளந்து பார்த்துக் கேலி பேச வேண்டுமாக்கும் என்று தேவகிருபைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த கலரையும் சட்டியில் கொட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் இத்தனைக்கும் காரணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெமி வீட்டுக்குப் புதிதாக ஒரு சோபா வந்திருந்தது. பால் நிறம், தடவினால் பூனைக்குட்டியைத் தடவுவது போன்ற துணி.

தேவகிருபையின் மகள் எலினாவுக்கு ஏழு வயது. பேச்சு குறைவு. விரல்கள் மட்டும் எந்நேரமும் மெத்தென்று இருக்கும் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். பிள்ளை ஓடிப்போய் அந்தச் சோபாவில் ஏறினாள். ஜெமி அவளை அப்படியே தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தாள்.

"அவள இதுல ஒக்கார விடாதீங்க மதினி."

நாலு பேர் முன்னால். எலினா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். ராஜபாளையத்து வாடகை வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தக் கைகள் பிரியவே இல்லை. அதைத் தேவகிருபை மறப்பதாக இல்லை.

ஸ்லைம் என்கிற அந்த விளையாட்டுப் பசையைப் பிசைவது அவளுக்குக் கைவந்த வேலை. பிள்ளையின் விரல்களுக்கு நல்லது என்று அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் சொன்னதிலிருந்து வாரம் தவறாமல் செய்கிறாள். கண்ணில் போடும் லென்ஸைக் கழுவும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். இன்றைக்கு ரெண்டே சொட்டோடு நிறுத்திக்கொண்டாள். பார்வைக்குப் பஞ்சு மாதிரி பொங்கி நின்றது. தொட்டால் விடாது.

சாயங்காலம் எலினாவை ஸ்டெபினிடம் விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள்.

"எலினா வரலியா மதினி?" ஜெமியின் முகம் விழுந்துவிட்டது.

"அவ எதுக்கு? எதையாவது தொட்டு வச்சிருவா."

ஜெமி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டு, தேவகிருபை சோபாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கேக் வெட்டி முடிந்ததும் ஷெரின் ஸ்லைம் டப்பாவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"மெத்துன்னு இருக்க எடத்துல வச்சு அமுக்குனா இன்னும் பொங்கும்" என்றாள் தேவகிருபை.

"சோபாவுல ஏறக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கா அத்தை."

"ஏற வேண்டாம் தங்கம். நின்னுக்கிட்டே வச்சு அமுக்கு."

பிள்ளை ரெண்டு கையாலும் ஆசை தீர அமுக்கினாள். நீலம் துணிக்குள் இறங்கியது. எடுக்கப் பார்த்தபோது நூல் நூலாக இழுபட்டு இன்னும் ஒரு முழத்துக்குப் பரவியது. ஒரு வாரமாகத் தொண்டையில் இறங்காத சோறு இப்போதுதான் இறங்கியது போல் இருந்தது தேவகிருபைக்கு.

தட்டில் கேக்கோடு வந்த ஜெமி அப்படியே நின்றாள். கத்துவாள், பிள்ளையை அடிப்பாள், அப்போது குறுக்கே விழுந்து தடுக்கலாம் என்று தேவகிருபை எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். ஜெமியோ தட்டைக் கீழே வைத்தாள். சேலை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். துடைக்கத் துடைக்கக் கறை பெரிதானது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தைகளைத் தேவகிருபை இப்போது தேனாக எடுத்துவிட்டாள்.

"பிள்ளைங்க கை அப்படித்தான் ஜெமி. விடு, வேற ஒண்ணு வாங்கிக்கிடுங்க. உங்களுக்கென்ன கொறச்சல்."

ஜெமி நீலமான முந்தானையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

"எங்களுக்கில்ல மதினி. உங்க புது வீட்டுல எலினா ஒக்காரட்டும்னு எடுத்தது."