ஆமை எண் பதினேழு

கடலாமை எண் பதினேழின் முதுகில் ஒட்டியிருந்த கருவி, கெர்கென்னா தீவில் மீனவர் லொத்ஃபியின் வீட்டிலிருந்து கடைசி சிக்னலை அனுப்பியிருந்தது. அதை ஒட்டியவள் கடலியல் மாணவி ஹனேன். ஆமை பிடிப்பது குற்றம். அவளுடைய ஆய்வே அந்தச் சட்டத்தைப் பற்றியதுதான். புகார்க் கடிதத்தோடு போய்க் கதவைத் தட்டினாள்.

"ஆமையா? இங்க ஏதும்மா ஆமை?" லொத்ஃபி வாசலை மறைத்து நின்றார்.

"இத்தனை நண்டு ஓடு கிடக்கே மாமா?"

"மீன்காரன் வீட்டுல பின்ன ரோஜாப்பூவா கிடக்கும்?"

அவர் மனைவி மப்ரூகா ஈரத்தலையும் வாளியுமாகப் பிள்ளைகளோடு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

"வீட்டுல புதுக் குளியல் தொட்டியைக் கட்டிட்டு, தினம் காசு குடுத்து ஊர் ஹம்மாமுக்குக் குளிக்க ஓடுறா. கல்யாணப் பொண்ணுன்னு நெனப்பு!"

ஹனேனுக்குப் புரிந்துவிட்டது. ஆமையை வெட்டியது குளியலறையில்! லொத்ஃபியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைத் திறந்தாள்.

தொட்டி நிறையக் கடல்நீர். துடுப்புக் காலில் துணிக்கட்டோடு, பதினேழு நிதானமாக நண்டு தின்றுகொண்டிருந்தது.

"தூண்டில் முள்ளு கிழிச்சிருந்துச்சு. அல்லாஹ் அனுப்பின விருந்தாளியைத் துரத்த முடியுமா?" லொத்ஃபி தலைகுனிந்தார். "பதினோரு நாளா எங்களுக்குத்தான் ஹம்மாம். வீட்டுல வெச்சிருந்தாலே குத்தம்னு தெரியும்மா. எழுதிக்கோ."

ஹனேன் கடிதத்தைப் பைக்குள் திணித்தாள். மப்ரூகாவின் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டாள்.

"தண்ணி மாத்தி எத்தனை நாளாச்சு மாமா?"