சுத்தட்டும்!

"புது டயர் ரெண்டையும் முன்னாடி போடுங்கண்ணா. பழசு பின்னாடியே இருக்கட்டும்," என்றாள் மெர்சி.

காக்ஸ் டவுன் டயர்க் கடைக்காரர் பதறினார். "உல்டாவா சொல்றீங்க மேடம்! பின்னாடி கிரிப் இல்லேன்னா, திருப்பத்துல வண்டியோட பின்பக்கம் சுத்திடும்."

"சுத்தட்டும்."

அவர் மெர்சியின் கணவன் தாஸிடம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்க. பக்கத்து சீட்டுல உக்காரப்போறது நீங்கதானே?"

"ஒரு தடவை உக்காந்தேன். அதோட சரி," என்றான் தாஸ்.

மெர்சி டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஒரு ஹெல்மெட்டும், போன மாதம் கார் பந்தயத்தில் ஜெயித்த கோப்பையும் இருந்தன.

"ஞாயித்துக்கிழமை ரேஸ்ணா. பின்பக்கம் சுத்தினாத்தான் திருப்பத்துல டைம் மிச்சமாகும்."

கடைக்காரர் உற்சாகமாகப் புது டயரை முன்பக்கம் உருட்டினார். "எனக்கொரு டிக்கெட் கிடைக்குமா மேடம்?"

"டிக்கெட் எதுக்குண்ணா? பக்கத்து சீட்டே காலிதான்!" என்றான் தாஸ், அவசரமாக.