தொங்கும் கொன்றை

மகனுக்குப் பெண் பார்க்க வந்த ராஜாம்பாளின் நகக்கண்ணில் மஞ்சள் அப்பியிருந்ததைக் கண்டதும் தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்தது. ‘மாப்பிள்ளை வீட்டில் கலையென்றால் உயிர்’ என்று தரகர் சொன்னதில் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தார். மஞ்சள் அரைக்கிற கைக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியப்போகிறது?

இந்தம்மா வாயிலிருந்து ‘சம்பந்தி’ என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும், இடம் முடிந்தமாதிரி. கிழிசல் உள்மடிப்பில் போகும்படி சேலை விரித்துக் காட்டுவதில் உப்பளம் கடைத்தெருவில் தணிகாசலத்தை மிஞ்ச ஜவுளிக்காரர் கிடையாது.

“சுவத்துல பாருங்கம்மா, கொன்றைப்பூ! ஆயில் பெயின்ட்டு. சரம் சரமா எப்பிடித் தொங்குது! எங்க சரிதா போட்டது.”

மஞ்சள் பெயின்ட், பூப்பூவாகப் படத்தைவிட்டுப் பிதுங்கி நின்றது. ராஜாம்பாள் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். கழுத்துப் பிடிப்பு போலிருக்கிறது, பாவம்.

“பிரஷ்ல போட்டியா கண்ணு, கத்தியிலயா?”

சரிதா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “பிரஷ்தாம்மா! கத்திய அவ காய் நறுக்க மட்டுந்தான் எடுப்பா.”

மாப்பிள்ளை வெற்றிச்செல்வனுக்குக் காப்பி புரையேறியது.

“இவ்ளோ தடிமனா பூசுனா காயறதுக்கு வாரக்கணக்கா ஆவுமே அண்ணே?” என்றாள் ராஜாம்பாள்.

“நம்ம ஊரு வெயிலுக்கா? காலைல போட்டா, மத்தியானம் முறுக்காட்டம் ஆயிடுச்சு!”

மாப்பிள்ளை கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அதைப் பார்த்ததும் சரிதாவுக்கும் சிரிப்பு பீறிட்டது.

“போதும்ப்பா! அத்தை, எனக்குக் கோலமே கோணிக்கும். இத நேத்து அப்பா ஒயிட் டவுன் கடையில பேரம் பேசித் தூக்கினு வந்தாரு. கடைக்காரன் கும்பிடு போட்டு ஆணியையும் சும்மாவே குடுத்து அனுப்பிட்டான்!”

ராஜாம்பாள் எழுந்தாள். அவ்வளவுதான், வாசலில் செருப்பைத் தேடப் போகிறாள்.

அவள் வாசலுக்குப் போகவில்லை. நேரே சுவரிடம் போய், பூவில் விரல் படாமல் ஓரமாகப் பிடித்துப் படத்தைக் கழற்றினாள்.

“நான் வரைஞ்சது சாமந்திச் செடி, அதத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கீங்களே சம்பந்தி!”