ஊக்கு குத்திய ரவுட்டர்

அன்று மேசைமேல் இருந்தவர்கள் நால்வர்: ரவுட்டர், மடிக்கணினி, பிரிண்டர், ஓர் ஊக்கு. பத்து மணிக்கு வீட்டுக்காரம்மாவுக்கு மடிக்கணினியில் நேர்முகத் தேர்வு. எந்தத் தளமும் திறக்கவில்லை.

"அண்ணே, தூங்குறீங்களா?" என்றது மடிக்கணினி.

ரவுட்டருக்கு ரோஷம் வந்தது. "நாலு விளக்கும் எரியுதே! நீ தளத்தோட பேரைச் சொல்றே, எனக்கு எண் வேணும். பேருக்கு எண் சொல்ற டிஎன்எஸ்காரர் இன்னும் பேசலை. கொஞ்சம் பொறு, தம்பி."

"இல்லாத ஆள்மேல பழி போடுறாரு பாரு," என்றது பிரிண்டர். "ஊக்கே, ரீசெட் ஓட்டையில ஒரு குத்து விடு!"

ஊக்கு குத்தியது. விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. அதற்குள் டிஎன்எஸ்காரரும் எண்ணோடு வந்துவிட்டார்.

ஆனால் அந்தக் குத்தில் பழைய கடவுச்சொல் உட்பட எல்லாம் மறந்துபோய், ரவுட்டர் மலங்க மலங்க விழித்தது. "நீங்கள்லாம் யாரு?"

மடிக்கணினி பழைய கடவுச்சொல்லை மூன்று முறை சொல்லியும் அது உள்ளே விடவில்லை. பத்து மணிக்கு இன்னும் நான்கே நிமிடம்.